எழில்: ஆண் பெயரா, பெண் பெயரா?

கேள்வி: முதல் குழந்தைக்குக் காத்திருக்கிறோம். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஆணோ பெண்ணோ, ‘எழில்’ என்று வைப்பதாக நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். மாமியார், “இது பொம்பளப் புள்ளைக்கு வைக்கிற பேரு” என்கிறார். என் அண்ணன், “சினிமா டைரக்டர் பேரு, ஆம்பளப் பேருதான்” என்கிறார். பெயர்த் தளங்களில் தேடினால் ஒன்றில் ஆண், ஒன்றில் பெண். அர்த்தமும் தளத்துக்குத் தளம் மாறுகிறது. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? எத்தனை பேர் வைத்திருப்பார்கள்? பிற்பாடு பள்ளிக்கூடம், ஆதார், பாஸ்போர்ட் என்று போகும்போது சிக்கல் வருமா? கணவர் பெயர் மாறன். ஊர் திருச்சி. என் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்: உங்கள் மாமியார் சொல்வதும் சரி, அண்ணன் சொல்வதும் சரி. ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் ஆணா பெண்ணா என்பது இல்லை. ‘ழ’வும், உங்கள் கணவர் பெயரும்தான். முதலில் பெயரைப் பார்த்துவிட்டு அதற்கு வருவோம்.

எழில் என்பதற்கு வேர் ‘எழு’. எழுதல், எழுச்சி, எழும்புதல் எல்லாம் அந்தக் குடும்பம்தான். அகராதிகள் எழிலுக்கு அழகு என்று முதலில் பொருள் தரும். கூடவே உயர்ச்சி, இளமைத் தோற்றம் என்றும் இருக்கும். ஆக, வெறும் முக அழகைச் சொல்லும் சொல் இல்லை இது. நிமிர்ந்து எழும் ஒன்றிடம் தெரியும் பொலிவு. இதே வேரில் பிறந்ததுதான் ‘எழிலி’; மேலெழுந்து வரும் மேகம் என்று பொருள். “நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும் தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்” என்று 17-ஆம் குறளில் வருவது அந்த மேகம்தான். சில தளங்கள் எழிலுக்கே ‘மேகம்’ என்று பொருள் போட்டிருப்பது எழிலியோடு குழப்பிக்கொண்டதால். இன்னும் சில தளங்கள் ‘ஏழிசை’, ‘ஏழு மலை’ என்றெல்லாம் போட்டிருக்கும். அது ஏழு என்ற எண்ணோடு முடிச்சுப் போட்ட கதை. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் இருக்கும் ஏழிமலைக்கும் உங்கள் குழந்தையின் பெயருக்கும் சம்பந்தமில்லை. அங்கே முதல் எழுத்து நெடில்.

இனி ஆணா, பெண்ணா. 407-ஆம் குறளைப் பாருங்கள்: “நுண்மாண் நுழைபுலம் இல்லான் எழில்நலம் மண்மாண் புனைபாவை யற்று.” நுட்பமான அறிவில்லாதவனின் எழில், மண்ணால் அழகாகச் செய்த பொம்மையின் அழகு போன்றது என்கிறார். குழந்தைக்குப் பெயர் வைக்கும் நேரத்தில் எடுத்துக்காட்ட இதைவிட இதமான குறள் கிடைத்திருக்கலாம்தான்! ஆனால் கவனிக்க வேண்டியது ‘இல்லான்’ என்ற ஆண்பால் சொல்லை. எழில் இங்கே ஓர் ஆணுடையது. பரிமேலழகர் இதற்கு ‘எழுச்சியும் அழகும்’ என்று உரை எழுதுகிறார்.

பெண் பக்கத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் எங்கும் போக வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் காலையில் நின்றால் காதில் விழும். “நீராருங் கடலுடுத்த நிலமடந்தைக் கெழிலொழுகும்” என்கிறது தமிழ்த்தாய் வாழ்த்து. 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் பெ. சுந்தரம் பிள்ளை எழுதிய வரி. சந்தியைப் பிரித்தால் ‘நிலமடந்தைக்கு எழில் ஒழுகும்’. இங்கே எழில் ஒரு பெண்ணுக்கு உரியது. நாளைக்கு உங்கள் பிள்ளை பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்கும்போது தன் பெயர் முதல் வரியிலேயே வருவதைக் கண்டுபிடிக்கும். நீங்கள் சந்தியைப் பிரித்துக் காட்டினால் போதும்.

இலக்கணமும் உங்கள் பக்கம் இருக்கிறது. தமிழில் அன் விகுதி வந்தால் ஆண், இகர விகுதி வந்தால் பெரும்பாலும் பெண் என்று பழகிவிட்டோம். எழிலன் ஆண், எழிலி பெண் என்பது அப்படித்தான். விகுதி சேராத இதுபோன்ற பெயர்ச்சொல் பால் காட்டாது. மதி, கதிர், முகில், தமிழ் இவற்றை இரு பாலுக்கும் வைக்க முடிவது அதனால்தான். ‘இப்படிப் பொதுவாகப் பெயர் வைப்பது இந்தக் காலத்து ஃபேஷன்’ என்று யாராவது சொன்னால் தொல்காப்பியத்தைக் காட்டலாம். அதன் பெயரியல் என்ற பகுதியில் தொல்காப்பியர் இயற்பெயர்களைப் பெண்மை, ஆண்மை, பன்மை, ஒருமை என நான்காகப் பிரித்திருக்கிறார். இவற்றில் ஒருமை இயற்பெயருக்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு ‘கோதை’. கோதை வந்தான், கோதை வந்தாள், கோதை வந்தது, மூன்றும் சரி. வெறும் இலக்கணப் பயிற்சி இல்லை அது. புறநானூற்றில் 245-ஆம் பாட்டைப் பாடிய சேர அரசன் பெயர் மாக்கோதை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் பெயரும் கோதை. அரசனுக்கும் ஆண்டாளுக்கும் பொருந்திய பெயர் இருந்த மொழியில் எழிலுக்கு என்ன குறை?

தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. பெயர் பால் காட்டாவிட்டாலும் வினை காட்டிவிடும். “எழில் சாப்பிட்டாளா?” என்று யாராவது கேட்ட கணமே விஷயம் முடிந்தது. குழப்பம் வருவது இரண்டு இடத்தில்: மரியாதையாக ‘வந்தார்’ என்று சொல்லும்போது, வாக்கியமே இல்லாமல் வெறும் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும்போது. இரண்டாவதுதான் உங்களுக்குப் பள்ளியில் வரும். இருபாலர் படிக்கும் பள்ளிகளில் வருகைப் பதிவேட்டில் பையன்களை ஒரு பக்கமும் பெண்பிள்ளைகளை ஒரு பக்கமும் எழுதுவது வழக்கம். விண்ணப்பத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து எழுதினால் எழில் தப்பான பக்கத்தில் போய் விழும். சேர்க்கை முடிந்த முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கல்வித்துறையின் ‘எமிஸ்’ என்ற மாணவர் விவரப் பதிவில் பாலினம் சரியாக ஏறியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்த் தளங்களில் ‘பிரபல வரிசையில் இத்தனையாவது இடம்’ என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஒவ்வோர் ஆண்டும் பிறந்த குழந்தைகளின் பெயர்ப் பட்டியலை வெளியிடுகிறது. ஒரே ஆண்டில் ஐந்து பேருக்காவது வைத்த பெயர்தான் அதில் வரும். இந்தியாவில் அப்படி ஆண்டுதோறும் வரும் பட்டியலே கிடையாது. அடிப்படையே இல்லாமல் வரிசை எண் எங்கிருந்து வரும்?

நீங்களே ஓரளவு கணிக்க ஒரு வழி இருக்கிறது. தேர்தல் ஆணையத் தளத்தில் வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாகக் கிடைக்கும். ஒரு பாகத்தில் சுமார் ஆயிரம் பேர் இருப்பார்கள். தமிழில் பெயர், வயது, பாலினம் மூன்றும் அதில் உண்டு. பெரும்பாலும் படமாக இருப்பதால் சொல் தேடல் வேலை செய்யாது, கண்ணால்தான் ஓட்ட வேண்டும். உங்கள் பாகத்தையும் பக்கத்து இரண்டு பாகங்களையும் பார்த்தால் எழிலரசன், எழிலரசி, எழில்மாறன், எழில்விழி என்று கூட்டுப்பெயர்கள் கண்ணில் படலாம். வெறும் ‘எழில்’ அபூர்வமாகத்தான் அகப்படும். வயதையும் பாருங்கள். எந்தத் தலைமுறைக்கு இந்தப் பெயர் வாய்த்தது என்று அதிலேயே தெரியும்.

கூட்டுப்பெயர்கள் கூடுதலாக இருப்பதற்கு வரலாறு காரணம். 1916-ஐ ஒட்டி மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற தன் பெயரையே தமிழாக்கிக்கொண்டார். அதன்பின் திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அந்த அலையில் பிறந்த குழந்தைகளுக்கு அரசன், வேந்தன், மாறன், செழியன் என்று கம்பீரமாக முடியும் பெயர்கள் பிடித்தன. எழில் அவற்றுக்கு முன்னொட்டாகப் போய் உட்கார்ந்தது. பொதுவாழ்வில் தெரிந்த பெயர்களும் அப்படித்தான்: 1998-இல் மத்திய அமைச்சரான தலித் எழில்மலை, 2021 சட்டமன்றத் தேர்தலில் ஆயிரம் விளக்கில் வென்ற எழிலன், காஞ்சிபுரத்தில் வென்ற எழிலரசன். உங்கள் அண்ணன் சொன்ன இயக்குநர் எழில் மாதிரி ஒட்டு இல்லாமல் நிற்பது குறைவு. நிலா, யாழ், மகிழ், கயல் என்று ஈரெழுத்து மூவெழுத்துப் பெயர்களை இப்போது பெற்றோர் தேடுவதால் எழிலும் தனியாக வர ஆரம்பித்திருக்கிறது. தமிழ்ச் சொற்களைக் கொண்டே நிரல் எழுதும் ஒரு கணினி மொழிக்கும் எழில் என்றுதான் பெயர். அந்த மொழிக்கு மட்டும் பால் பிரச்சினை இல்லை.

சரி, சிக்கலுக்கு வருவோம். முதல் சிக்கல் ஒலி. ழகரம் எல்லார் வாயிலும் ஒழுங்காக வராது. தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் ழ, ளவாகிவிடும், ‘எளில்’ என்பார்கள். சென்னைப் பேச்சில் ழ யவாகும் இடங்கள் உண்டு; வாழைப்பழம் வாயப்பயம் ஆகிற அதே வழியில் ‘எயிலு’ ஆகும். எயில் என்றால் கோட்டை மதில், நல்ல சொல்தான், ஆனால் உங்கள் பிள்ளையின் பெயர் இல்லை. வெளிமாநிலத்தவர் ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘எசில்’, ‘எஜில்’ என்பார்கள். மலையாளிகள் மட்டும் பிசகாமல் சொல்லிவிடுவார்கள், அவர்களிடம் இதே எழுத்து இருக்கிறது. பிள்ளைக்கு மூன்று வயதுக்குள் ழ வரவில்லையென்றால் பதற வேண்டாம். குழந்தைகளுக்கு நாக்கு தாமதமாகத் தேறும் ஒலிகளில் இதுவும் ஒன்று.

இரண்டாவது, ஆங்கில எழுத்து. இதில் உங்கள் முடிவு ஒருமுறைதான், அதையும் பிறப்புச் சான்றிதழிலேயே எடுத்தாக வேண்டும். தமிழ் ழவுக்கு இசட்-எச் போடுவது நிலைபெற்ற வழக்கம். ஆகவே இ, இசட், எச், ஐ, எல் என்று ஐந்தெழுத்து. எச்சை விட்டால் ‘எசில்’ ஆகும். இசட்-எச்சுக்குப் பதில் எல் போட்டால் ‘எலில்’ என்று படித்து, வகுப்பில் எவனாவது ‘எலி’ என்று கூப்பிட வழி செய்துகொடுத்த மாதிரி. பெயரின் தொடக்கத்தில் வரும் எகரத்தை நாம் லேசாக யகரம் சேர்த்து ‘யெ’ என்றுதான் சொல்கிறோம். அதைக் கேட்டு எழுதும் அலுவலர் ஒய் போட்டுத் தொடங்குவார். அப்படி ஏறிவிட்டால் அகரவரிசையில் முன்னால் வர வேண்டிய பிள்ளை கடைசிக்குப் போகும்; ஒரு சான்றிதழில் இ, இன்னொன்றில் ஒய் என்று ஆகிவிட்டால் வங்கியில் கணக்குத் திறக்கப் போனாலும் ‘பெயர் பொருந்தவில்லை’ என்பார்கள். எண்கணிதம் பார்த்து எச்சை இரட்டிக்கச் சொல்வோரும் உண்டு. செய்யாதீர்கள். இப்பெயரில் ஏற்கெனவே தவறு நேர வாய்ப்புள்ள இடம் அந்த எச்தான். நட்சத்திர எழுத்துப் பார்க்கும் வீடென்றால், எகரம் கார்த்திகை நான்காம் பாதத்துக்கு உரிய எழுத்து; பொருந்தினால் மாமியாருக்கும் மகிழ்ச்சி.

மூன்றாவதுதான் உங்கள் வீட்டுக்கே உரிய சிக்கல். கணவர் பெயர் மாறன். நம் வழக்கப்படி ‘மா. எழில்’ என்று முன்னெழுத்தோடு எழுதும்வரை தொல்லை இல்லை. பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை விரித்து எழுத வேண்டும். பிள்ளை பெயர் எழில், குடும்பப்பெயர் மாறன் என்று இரண்டு கட்டத்திலும் நிரப்பினால், சேர்த்துப் படிப்பவருக்கு அது ‘எழில்மாறன்’. நூற்றுக்கு நூறு ஆண் பெயர். பையனென்றால் பிரச்சினை இல்லை, நன்றாகவே இருக்கிறது. பெண்ணென்றால் நீங்கள் பொதுப்பெயர் வைத்த நோக்கமே போய்விடும். எழில் என்று வைக்க நினைக்கும் பெற்றோரில் அப்பா பெயர் அரசன், வேந்தன், மாறன், வளவன் என்று இருப்பவர்கள் எல்லாரும் இதை யோசிக்க வேண்டும்.

குடும்பப்பெயரைக் காலியாக விட்டுவிடலாமே என்று தோன்றும். இந்திய பாஸ்போர்ட்டில் அப்படி வாங்க முடியும். ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் வர அனுமதியில்லை என்று அறிவித்துப் பலர் விமான நிலையத்தில் திண்டாடினார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் இருந்தால் அதைக் குடும்பப்பெயராக்கி, முதற்பெயர் இருக்கும் இடத்தில் ‘முதற்பெயர் தெரியாது’ என்று பொருள்படும் எஃப், என், யு என்ற மூன்றெழுத்தைப் போடுவார்கள். ஆகவே காலியாக விடாதீர்கள். நல்ல வழி: பெயர்க் கட்டத்தில் எழிலோடு உங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். எழில், அம்மா பெயர், மாறன் என்று மூன்றாக வரும்போது ஒட்டிப் படிக்க வராது. அம்மா பெயரும் பிள்ளையோடு போகும். ஆனால் இது பாஸ்போர்ட் எடுக்கும்போது யோசிக்கும் விஷயமில்லை. பிறப்புச் சான்றிதழில் எப்படி ஏறுகிறதோ அப்படித்தான் பின்னால் எல்லாம் வரும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டத்திருத்தம் வந்துவிட்டது.

சான்றிதழில் பெயரை எப்போது ஏற்ற வேண்டும்? பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள். பிரசவ வார்டில் படிவம் நீட்டும்போது பெயரையும் உடனே எழுதியாக வேண்டும் என்பதில்லை. பெயரில்லாமல் பதிவு செய்து, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பின் 15 ஆண்டுக்குள் என்றால் தமிழ்நாட்டில் 200 ரூபாய் தாமதக் கட்டணம். ஆகவே அவசரமில்லை. ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை வேறு பெயராக மாற்றித் தர மாட்டார்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் பிழைத் திருத்தம் மட்டும்தான். திருச்சி மாநகராட்சி எல்லைக்குள் பிறந்தால் மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவில்தான் வேலை.

பெயரை வாயால் சொல்லாதீர்கள். ஒரு தாளில் தமிழில் ‘எழில்’, கீழே ஆங்கிலப் பெரிய எழுத்தில் முழுப்பெயர், அதன்கீழ் அப்பா பெயர், அம்மா பெயர் என்று எழுதிக் கையில் கொடுங்கள். அச்செடுக்கும் முன் திரையில் காட்டச் சொல்லி மூன்று இடத்தைப் பாருங்கள். முதல் எழுத்து எகரமா ஏகாரமா? கீழே ஒரு சின்னச் சாய்கோடு சேர்ந்தால் ‘ஏழில்’ ஆகிவிடும், சிறிய எழுத்தில் கண்ணுக்குத் தெரியாது. நடுவெழுத்து ழியா ளியா? கடைசியில் ல் இருக்கிறதா, அல்லது ழிக்குத் துணையாக இன்னொரு ழ் வந்து ‘எழிழ்’ ஆகிவிட்டதா? பிறகு ஆங்கிலத்தில் எச்.

ஆதாரில் இதைவிடக் கவனம் வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கைரேகை எடுக்க மாட்டார்கள். பெற்றோர் ஒருவரின் ஆதாரோடு இணைத்துத் தருவார்கள். அங்கே பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் தமிழை மென்பொருளே போட்டுவிடும். எச்சை விட்டிருந்தால் ‘எசில்’ என்று தமிழிலும் வந்து நிற்கும். ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் தமிழ் வரியைப் படியுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். அதில் ஒன்றை எழுத்துப்பிழைக்குச் செலவழிக்க வேண்டாம். பள்ளிச் சேர்க்கையில் முன்னெழுத்தைத் தமிழில் ‘மா.’ என்று எழுதக் கேளுங்கள். பெயரோடு முன்னெழுத்தும் தமிழில் இருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்திருப்பதால் மறுக்க மாட்டார்கள். பலர் ‘எம். எழில்’ என்று எழுதிப் பழகியிருப்பார்கள், அவ்வளவுதான்.

மாமியாருக்கு இன்னும் மனது ஒப்பவில்லையென்றால் ஒரு நடுவழி உண்டு: பெண்ணானால் எழிலி, ஆணானால் எழிலன். இரண்டும் நல்ல பெயர்கள், வீட்டில் கூப்பிடும்போது இரண்டுமே ‘எழிலு’தான். ஆனால் குழந்தை ஆணா பெண்ணா என்று முன்கூட்டிச் சொல்லவே சட்டம் தடை போட்டிருக்கும் நாட்டில், பிறக்கும் முன்பே ஒரே பெயரைச் சொல்லி வயிற்றோடு பேச உங்களுக்குக் கிடைத்திருப்பது எழில். அதை விட்டுக்கொடுக்க நாங்கள் சொல்ல மாட்டோம். உங்கள் பெயரையும் நடுவில் சேர்த்து ஒருமுறை மூன்றையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு இடறினால் உங்கள் பெயரைச் சுருக்காமல், எழிலை அடுத்து மாறன் வராதபடி வரிசையை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.